பத்து கே கண்ட்ரோல்

நாசரேத்தில் வேதமணியின் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பாமார் எல்லோரும் வாத்தியார்கள். வேதமணிக்குப் பிள்ளைகளை அதட்டப் பொறுமை இல்லை. ரேடியோக்களை அதட்டப் போய்விட்டாள். தபாலில் ரேடியோ மெக்கானிசம் படித்து, எழுபத்து நாலில் தூத்துக்குடியில் துறைமுகச் சாலையோரம் கடை போட்டாள். “பொம்பள கை வச்சா ரேடியோ பாடுமாக்கும்?” என்று கேலி செய்தவர்களே மறுவாரம் ஊமை ரேடியோவைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்கள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் கை சுத்தம்.

தங்கை ரோஸ் என்றால் அவளுக்கு உயிர். ரோஸ் பொன்னுதுரையின் பாட்டுக் குழுவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். ஆலந்தலைக் கல்யாணத்தில் முதல் தடவையாகத் தனிப் பாட்டு கொடுத்திருந்தார் பொன்னுதுரை. நன்றாகப் பாடினால் நிரந்தரப் பாடகி, இல்லாவிட்டால் பழையபடி கோரஸ்தான்.

“யக்கா, ரோச் கிதாரு கத்துத கத்துல என் குரலு யாருக்குக் கேக்கப் போவுது?” என்று மூக்கை உறிஞ்சினாள் ரோஸ்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், குழுவில் கிதார் வாசிக்கும் அந்த ரோச்சே கிதாரோடு கடைக்கு வந்தான். வால்யூம் கண்ட்ரோலைத் திருகினால் கரகரக்கிறது, மாற்ற வேண்டும் என்றான். வேதமணிக்குக் கை துறுதுறுத்தது.

கிதாரில் இருந்த கண்ட்ரோல் ஐந்நூறு கே, அதாவது ஐந்நூறு கிலோ ஓம். அந்த மதிப்பு கூடக் கூட, கம்பியின் நாதம் பளிச்சென்று கூர்மையாக வரும். குறைத்தால் கீச்சு ஒலியெல்லாம் எர்த் வழியாக ஓடிப்போய், மிஞ்சுவது மந்தமாகிவிடும். இருநூற்றைம்பதுக்குக் கீழே யாரும் இறங்குவதில்லை. வேதமணி செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றிலிருந்து, அணைக்கிற சுவிட்சும் சேர்ந்தே இருந்த பத்து கே கண்ட்ரோலைக் கழற்றிப் பற்றவைத்தாள்.

“கரகரப்பு போயிரும்லா?”

“கரகரப்பு என்னலே, ஒண்ணுமே இருக்காது.”

ஆலந்தலைப் பந்தலில் கிதார் தலையணைக்குள் கிடந்து முனகியது. ரோச் ஆம்ப்ளிபையரை முழுக்கத் திருப்பினான், முனகல்தான் பெரிதாயிற்று. வேதமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரோஸின் குரல் கணீரென்று கேட்டது. சரணத்தில் மேலே ஏறும்போது அது உடைந்து சுதியை விட்டு விலகியது. அதுவும் கணீரென்று கேட்டது. பந்தியில் இருந்தவர்கள் சோற்றை விட்டு நிமிர்ந்தார்கள். பொன்னுதுரை முகத்தைச் சுளித்தார். ரோஸ் அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கினாள்.

ரோச் நேரே வேதமணியிடம் வந்தான்.

“வால்யூமை இறக்குனா, ரேடியோவ அணைச்ச மாதிரி டிக்குன்னு சத்தம் வருது. என் கிதார எப்பம் ரேடியோ ஆக்குனீய?”

வேதமணி திருதிருவென்று விழித்தாள். “அவ குரலு கேக்கட்டும்னுதாம்லே...”

“கேக்கக் கூடாதுன்னுதான யக்கா நான் கத்த விட்டேன்! மேல போனா அவளுக்குக் குரலு உடையும். அந்த எடம் வந்தா கம்பிய இழுத்து மூடிருவேன். சொன்னா மனசு ஒடஞ்சிருவான்னு சொல்லல.”

வேதமணிக்கு வெட்கத்தில் காது சுட்டது. தங்கையின் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டாள். அப்போதே பொன்னுதுரையிடம் போய், கிதாரைக் கெடுத்தது தான்தான், அதில் பிள்ளை தடுமாறிவிட்டாள் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக வேதமணி எதிர்வாய் பேசாமல் நின்றாள். கடைசியில் அவர் மனம் இறங்கி, மணப்பாடு ஊரில் அடுத்த வாரம் இன்னும் ஒரு பாட்டு, அதோடு சரி என்றார்.

மறுநாள் கடையில் ரோச் கிதாரைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வேதமணி பத்து கேயைப் பிடுங்கி எறிந்தாள். ஐந்நூறைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் இருந்த ஆயிரம் கே, அதாவது ஒரு மெக் கண்ட்ரோலை எடுத்தாள்.

“ரெட்டிப்பால்லா போடுதீய! காதைக் கிழிச்சிருமே யக்கா.”

“கிழிக்கட்டும்லே,” என்றாள் வேதமணி, ஈயத்தை உருக்கிக்கொண்டே. “மணப்பாட்டுல இன்னும் ஒரு கட்டை கூட்டிப் பாடப் போறாளாம்.”