வலையில் முளைத்த புல்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் தண்ணீருக்குள் பச்சையாக எது கிடந்தாலும் அதற்குப் பாசி என்றுதான் பெயர். வலையில் ஒட்டினாலும் பாசி, படகில் ஒட்டினாலும் பாசி. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டவனைச் சோம்பேறி என்பார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் எதிர்வீட்டு அர்ச்சனா ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, அதில் புல் வளர்க்கப் போகிறேன் என்றாள். மீன் எங்கே என்று கேட்டேன். மீன் அப்புறம்தான், முதலில் தரை முழுக்கக் கம்பளம் விரித்த மாதிரி புல் வரவேண்டும் என்றாள். நான் சிரித்தேன். நான் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அவள் விளையாட்டுக்கு அதைச் செய்யவில்லை. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு. விடிவதற்குள் வேன் வந்துவிடும். நான்கு வயது மகள் அமுலு கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டாள். குழந்தை பாயிலிருந்து எழுந்து நேராக ரோட்டுக்கு ஓடும், போய்விட்ட வேனைத் தேடி அழும். மாமியார் ஜெயம்மா பின்னாலேயே ஓடித் தூக்கிவருவாள். தினம் இதே கூத்து. பார்க்கிற எனக்கே பொறுக்காது, பெற்றவளைக் கேட்கவா வேண்டும்.

மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் பால்ராஜ், மழைக்கு ஒதுங்கப் போனதில் அர்ச்சனாவுக்குப் பழக்கமானவர். சென்னையில் ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் புல் விரித்த தொட்டியாகவே கேட்கிறார்கள், வளர்த்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை என்று ஒருநாள் அவர் புலம்ப, இவள் நான் வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவரும் ஒரு தொட்டி, ஒரு விளக்கு, டப்பாவில் கொஞ்சம் புல் கொடுத்தார். அது நன்றாக வந்தால் இன்னும் தொட்டிகள் தருவார், வீட்டிலிருந்தே வேலை. வராவிட்டால் பழையபடி வேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போட்ட லீவை அவள் இழுத்துக்கொண்டே போனதில் கம்பெனி கடுகடுத்தது. வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை வராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்றார்கள். அதற்கு முந்தின நாள் புல்லைப் பார்க்க வருவதாகப் பால்ராஜ் சொல்லியிருந்தார்.

முதலில் கடற்கரை மணலைப் போட்டாள். கிளிஞ்சல் தூள் கலந்த மணல், புல் மஞ்சளடித்துப்போனது. ஆற்று மணலுக்கு மாற்றினாள். குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றினாள்.

"நமக்கே நல்ல தண்ணி பத்தல, இவ புல்லுக்கு ஊத்துறா," என்று ஜெயம்மா என் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

தலைமுடி போல மெல்லிசான புல். இடுக்கியால் பிடித்து நட்டாலும் மறுநாள் மேலே மிதக்கும். மறுபடி நடுவாள், மறுபடி மிதக்கும். கடைசியில் பழைய இறால் வலையில் ஒரு துண்டு வெட்டி, கண்ணிக்குக் கண்ணி புல்லை நூலால் கட்டி, மணல்மேல் விரித்து, நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்தாள். அதற்கப்புறம் புல் நின்றது. கொஞ்ச நாளில் நாற்றங்கால் போல ஆகிவிட்டது. என் வாயும் அடங்கியது.

பால்ராஜ் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, குழந்தையை டாக்டரிடம் காட்ட அர்ச்சனாவும் ஜெயம்மாவும் பொன்னேரி போனார்கள். புருஷன் ரஞ்சித் கடலுக்குப் போயிருந்தான். அவன் அண்ணன் வரதன் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தான். கிழிந்த வலையைப் பொத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. தொட்டிக்குள் ஒரு வலை கிடக்கிறது, அதன்மேல் இத்தனை பாசி. அவன் மனசு பொறுக்குமா? வலைக்காரன் பாசியைப் பிடித்து இழுக்கமாட்டான், இழுத்தால் கண்ணி அறுந்துவிடும். கத்தியைப் படுக்கவைத்து, வலையோடு ஒட்டச் சிரைத்தெடுப்பான். வரதனும் வலையை வெளியே எடுக்காமல், தொட்டிக்குள்ளேயே கையை விட்டு அப்படிச் செய்தான். சிரைத்ததை அள்ளிக் கோழிக்குப் போட்டான்.

"தொட்டியில வலைய மறந்துட்ட போலக்குது. பாசி ஏறிப்போச்சி. சுத்தமா எடுத்துட்டேம்மா. ஒரு கண்ணிகூட அறுக்கல," என்றான், அவர்கள் உள்ளே நுழைந்ததும்.

அர்ச்சனா தொட்டியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, அது பாசி இல்ல மாமா," என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"டேய், கண்ணு இன்னா பொடனியிலயா கீது ஒனக்கு," என்று ஜெயம்மா ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு ஓடிய நானும் என் பங்குக்கு அவனைக் கிழித்தேன். பாவம், அத்தனையும் வாங்கிக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

தூக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற வழியைப் பார் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. எப்போதும் போல விளக்கைப் போட்டாள், தண்ணீரை மாற்றினாள். இந்தத் தடவை கேனைத் தூக்கிவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தது ஜெயம்மா.

சில நாள் கழித்து அர்ச்சனா வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். கண்ணிக்குக் கண்ணி ஊசிமுனை அளவில் பச்சை. முன்பு ஒரு தூர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு மூன்று. அப்படியும் அது விரலளவுகூட உயரவில்லை. இதைக் கடைக்காரரிடம் எப்படிக் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை பால்ராஜ் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். அவர் சட்டைக்கையை மடித்து, தொட்டிக்குள் கையை விட்டு, மூலைக்கல்லை எடுத்துவிட்டு வலையின் ஓரத்தைத் தூக்கினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். மணல்தான் கலங்கியது.

"வேர் எறங்கி மணலப் புடிச்சிக்கிச்சிம்மா. எங்கிட்ட கீறதெல்லாம் பாக்கப் பச்சையா இருக்கும், தொட்டா மெதக்கும். தலை வளர்றதுக்கு இன்னா, தானா வளரும். நாலு தொட்டி அனுப்பறேன், வெச்சிக்கிறியா?"

அர்ச்சனா சரியென்று தலையை ஆட்டினாள்.

"வெட்டினது யாரு? இவ்ளோ சமமா வெட்ட எங்கிட்ட ஆளில்ல," என்றார் அவர். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வரதன் கடைசிவரை வெளியே வரவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

லீவு நாட்களில் வராமல் இருந்த வேன் மறுநாள் விடியலில் வந்து ஹாரன் அடித்தது. அர்ச்சனா ரோட்டுக்குப் போய், "நான் வரலண்ணா, பேர எடுத்துடச் சொல்லு," என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் மாற்ற ஆரம்பித்தாள். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் எல்லோருக்கும் இருந்த சந்தோஷத்தில் குழந்தையிடம் யாருமே விஷயத்தைச் சொல்லவில்லை. தூக்கத்தில் அந்த ஹாரன் காதில் விழுந்ததோ என்னவோ, அமுலு எழுந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தூக்கக் கண்ணோடு ரோட்டுக்கு ஓடி, அங்கே நின்று அழுதது.

அர்ச்சனா ஈரக்கையோடு ஓடினாள்.

"அமுலு, அம்மா இங்கதான் கீறேன்."

குழந்தை அவளைப் பார்த்தது, ரோட்டைப் பார்த்தது.

"வேனு?"

"பூட்ச்சி."

"நீ?"

"நான் போவல. இனிமே போவமாட்டேன்."

அது நம்பாமல் அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விட்டால் போய்விடுவாளோ என்று வீடு வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தது. அர்ச்சனா அழுதாள். கோலமாவுக் கையோடு நானும் அழுதேன்.