நான் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டவர்

கொரோனா அடங்கி ஊர் பழையபடி ஓடத் தொடங்கிய சமயம். பெங்களூரு மர்பி டவுனில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் என் கணவரும் இருந்தோம். அவர் பீன்யாவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். நடை தள்ளாடவும் பேச்சு குழறவும் ஆரம்பித்ததும் வேலையை விட வேண்டியதாயிற்று. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற, பரம்பரையாக வரும் நோய். என் மாமனாருக்கும் இதேதான். அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாததால், பாவம், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே குடிகாரர் என்று பேர் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

எங்களுக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தது. அதனால் எல்லாமே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கை நடுங்கும், கால் பின்னும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அவ்வளவுதான் என்று இருந்தேன்.

அப்போது அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. சோறு போட்டு வைத்தால் தொட மாட்டார். அந்தத் தட்டிலிருந்தே நான் முதலில் சாப்பிட வேண்டும். சாம்பார் சோற்றில் ஒரு வாய், பொரியலில் ஒரு வாய். நான் விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் கை வைப்பார். கல்யாணமானதிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த தட்டில் சாப்பிட்டே பழகியவள் நான். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். அது தலைகீழானதும் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

மாடியில் குடியிருந்த என் நாத்தனார் தெருவுக்கே சொல்லிவிட்டாள். "எங்கண்ணன பாருங்க, பொண்டாட்டி வாயில வைக்காம ஒரு பருக்கை தொடாது. குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க!"

நான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும்போது மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். ஆள் மெலிந்துகொண்டே போனார்.

செக்கப்புக்குப் போனபோது நரம்பு டாக்டர் எடையைப் பார்த்துக் கவலைப்பட்டார். விழுங்க முடியவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். அதற்கு முன் மனநல டாக்டரையும் பார்த்துவிடுங்கள் என்று அனுப்பினார். நடக்க முடியாதவருக்கு மனநல டாக்டர் எதற்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழும் புரியும். உட்கார்ந்ததும் சாப்பிட்டாச்சா என்று, இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதைத்தான் கேட்டார்.

"ஊட்டா ஆய்த்தா?"

யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள். இவர் குழறலோடு, ஆனால் நிதானமாகப் பதில் சொன்னார்.

"மொதல்ல இவ சாப்ட்டா. இவளுக்கு ஒண்ணும் ஆவல. அப்புறம்தான் நான் சாப்ட்டேன்."

"ஏன் அப்படி?"

"எதாச்சும் கலந்திருந்தா இவளுக்குத்தானே மொதல்ல ஆவும்?"

எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. டாக்டரம்மா மட்டும் அதிரவில்லை. சிறுமூளைக்கு நடையோடு மட்டுமல்ல, மனதோடும் சம்பந்தம் உண்டு; இந்த நோய் உள்ள சிலருக்கு இப்படிச் சந்தேகமும் கோபமும் மனச்சோர்வும் வரும் என்றார். நடையைத் திருப்பித் தர மருந்து இல்லை, பயத்தைக் குறைக்க இருக்கிறது என்றார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவர் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாரே என்பதற்காக அழுதது பாதிதான். கிடைத்ததாக நினைத்த பிரியம் பறிபோனதற்காக அழுததுதான் அதிகம்.

மாத்திரையை நான் கொடுத்தால் வாங்க மாட்டார் என்பதால் நாத்தனார்தான் கொடுத்தாள். வாரங்கள் போயின. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மூடி வைத்த தட்டு காலியாக இருந்தது.

"பசிச்சுது. உனக்கு வைக்காம எல்லாத்தையும் சாப்ட்டேன்" என்றார், தப்புச் செய்தவர் மாதிரி.

விவரம் தெரியாத பக்கத்து வீட்டம்மா, "முன்ன மாதிரி இல்லியே உங்க வீட்டுக்காரு, இப்பல்லாம் உனக்காகக் காத்திருக்கறதே இல்ல" என்று இன்றும் குறைபட்டுக்கொள்கிறார். நான் போட்ட சோற்றைப் பயமில்லாமல் சாப்பிடுகிறாரே, அதைவிடப் பெரிய பிரியத்தை இனி நான் யாரிடமும் எதிர்பார்க்கப்போவதில்லை.