மருந்தை உறையவிட்டவர் பரிமளாக்கா அல்ல

செய்தி தொலைபேசியில் வந்தது. "பரிமளா மிஸ் காலமாயிட்டா, தெரியுமோ? உங்களோட வேலை செய்தவ. அந்தத் தடுப்பு மருந்தெல்லாத்தையும் உறையவிட்டவ." சொன்னவன் கெட்டவனல்ல. அவனுக்குத் தெரிந்த அடையாளத்தைச் சொன்னான். எனக்குத்தான் அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. உடல் வீட்டுக்கு வந்து சேரவில்லை, அதற்குள் அந்தப் பழி வந்து சேர்ந்துவிட்டது! அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் பலர் திருகோணமலையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த மருந்துக் களஞ்சியத்தில் குளிர் அறை பரிமளாக்காவின் பொறுப்பு. நான் அங்கே மின்வேலை பார்த்தவன். சல்லிக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் போகிற தடுப்பு மருந்தும், வள்ளத்தில் கட்டைபறிச்சான் ஊருக்குப் போகிற தடுப்பு மருந்தும் அந்த அறையில்தான் இருந்தன. ஐஸ் போடாத பெட்டியோடு யாராவது மருந்தெடுக்க வந்துவிட்டால் தொலைந்தார்கள். "இதென்ன, மரக்கறியே வாங்க வந்தனீங்கள்? போய் ஐஸ் போட்டுக்கொண்டு வாங்கோ!" என்று வாசலிலேயே திருப்பிவிடுவார். அவர் குரல் வீதிவரை கேட்கும்.

அறையின் தெர்மோஸ்டாட் ஒருநாள் செத்துப்போனது. சூடு ஏறினால் குளிர் மெஷினைப் போட்டு, போதிய குளிர் வந்ததும் நிறுத்துகிற சின்னப் பெட்டி அது. புதியது கேட்டு எழுதினோம். வயரும் முள்ளும் உள்ள சாமான் எதுவும் சோதனைச் சாவடி தாண்டி வர அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி வரவேயில்லை. அந்த நாட்களில் பரிமளாக்காவும் நானும் மாறிமாறி நின்று, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து, கையாலேயே மெஷினைப் போட்டு நிறுத்தினோம்.

கடைசியில் நோர்வேயில் இருந்த அவருடைய தம்பி ஒன்று வாங்கி, ஊருக்கு வந்தவர்களிடம் பிள்ளைச் சட்டைகளுக்குள் சுற்றிக் கொடுத்தனுப்பினார். பாவம், நல்ல மனதோடுதான் அனுப்பினார். ஆனால் அது அந்த நாட்டு வீடுகளைச் சூடாக்குகிற இயந்திரத்துக்கானது. குளிர்ந்தால் போடும், சூடானால் நிறுத்தும். எங்கள் தேவைக்கு நேர்மாறு. புழுக்கத்தில் அவிகிற எங்களில் யாருக்கு அப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்குமென்று தோன்றும்? நானும் உடனே பூட்டப் போனேன். பரிமளாக்கா விடவில்லை.

"சோதிச்சுப் பாத்தனீரோ?"

"புதுச் சாமான் அக்கா. பெட்டிகூட உடைக்கேல்லை."

"நான் அதைக் கேக்கேல்லை. சோதிச்சனீரோ?"

ஒரு பல்ப்பை அதில் தொடுத்து, ஐஸ் கட்டியை அதன் முகத்தோடு பிடித்தார். அணைய வேண்டிய பல்ப் எரிந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "குளிருக்குப் போர்வை கேக்குது, பாரும்!" என்றார். பிறகு மூடியைக் கழற்றினோம். உள்ளே வயரைக் கொழுவ இன்னொரு முனையும் இருந்தது. மூடிக்குள் ஒட்டியிருந்த வயர்ப் படத்தில் காட்டிய முனையை விட்டு அதற்கு மாற்றினேன். மறுபடி ஐஸ் பிடித்தார், பல்ப் அணைந்தது. அதன் பிறகுதான் சுவரில் பூட்ட விட்டார். ஒரு குறையும் இல்லாமல் அறை வேலை செய்தது.

பிறகு ஒருநாள் இராணுவச் சுற்றிவளைப்பு. துவக்கோடு வந்தவர்கள் சுவரில் இருந்த அந்தப் பெட்டியைக் கண்டு குண்டுச் சாமான் என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் அன்று கந்தளாயில், வீதி பூட்டப்பட்டு அகப்பட்டிருந்தேன். வெப்பமானியைப் பார்த்து மெஷினைப் போட்டு நிறுத்தும்படி காவலாளியிடம் சொல்லிவிட்டு, பரிமளாக்கா தனியாக முகாமுக்குப் போனார். "அது பிள்ளையளின்ட மருந்துக்குரிய சாமான். தராமல் போகமாட்டன்" என்று வாசலில் நின்றாராம். அந்த நாட்களில் அந்த வாசலைக் கடக்கவே ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தலைகுனிந்து போவார்கள். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

இனித்தான் எனக்கு வயிறு எரிகிற இடம். எங்கள் பொறுப்பதிகாரி, பெயர் வேண்டாம், நான் வரும்வரை பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு, மூடிக்குள் இருந்த படத்தைப் பார்த்து வயரைக் கொழுவச் சொன்னார். பரிமளாக்கா தடுத்தார். "படம் சூடாக்கிறதுக்கு, சேர். ஐஸ் பிடிச்சுப் பாத்திட்டுப் பூட்டுங்கோ." அறை அப்போது நல்ல குளிராக இருந்ததால், பூட்டியதும் மெஷின் ஓடத் தொடங்கியது. "பாத்தீரே, ஓடுது! வயர்க் கதை உமக்கெதுக்கு?" என்றார் அதிகாரி.

"ஓடுறது சரி சேர். நிக்குமோ எண்டு பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மெஷின் நிற்கவேயில்லை. குளிரக் குளிர ஓடியது. காலையில் போத்தல்கள் எல்லாம் கட்டியாகிக் கிடந்தன. உறைந்த மருந்தை மீண்டும் உருக்கினாலும் குத்த ஏலாது. கைக்குழந்தைகளோடு வந்த தாய்மார் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

விசாரணையில், பரிமளா வெளிநாட்டுச் சாமானைத் தன்பாட்டில் பூட்டியதால் வந்த வினை என்று அதிகாரி சொன்னார். நான் எழுந்து, பரிமளாக்கா எனக்குச் சொன்னபடி நடந்ததைச் சொன்னேன். "நீர் அண்டைக்கு எங்க இருந்தனீர்?" என்று கேட்டார்கள். "கந்தளாயில." "அப்ப பாக்காத கதை கதைக்கவேண்டாம்." அவ்வளவுதான். அன்று அங்கே கூடநின்ற காவலாளி சாட்சி சொல்ல வாயே திறக்கவில்லை. பரிமளாக்காவைக் குளிர் அறையிலிருந்து எடுத்து, பிளாஸ்டரும் பஞ்சும் கொடுக்கிற மேசையில் போட்டார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தார். ஒருதரம் நான் பொங்கியபோது, "விடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். எப்படி அக்கா விடுவது?

செத்த வீட்டில் அந்தப் பொறுப்பதிகாரி வந்து பேசினார். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை. "மனுசர் எண்டால் பிழை விடுறதுதான். பரிமளா விட்ட பிழையை நாங்கள் அண்டைக்கே மன்னிச்சிட்டம்" என்றார். மன்னித்தாராம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, இங்கே எழுதிய அத்தனையையும் அந்த முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். செத்த வீட்டில் சண்டையா என்று சிலர் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் நிறுத்தவில்லை. அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு பரிமளாக்காவின் மகள் என்னிடம் வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"மாமா, அப்ப அம்மா பிழை விடேல்லையா?"

பெற்ற பிள்ளை! இத்தனை காலம் அந்தப் பழியைத் தன் தாயின் உண்மை என்று நம்பி, அம்மா மனம் நோகக்கூடாதென்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்காமல் வளர்ந்திருக்கிறாள்.

"இல்லைப் பிள்ளை. சரியாச் சொன்னது உங்கட அம்மா ஒராள்தான்."

அவள் உள்ளே போய், தாயின் படத்துக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றாள்.

பரிமளாக்காவின் நினைவாக நான் வைத்திருப்பது இந்தக் கோபம் ஒன்றைத்தான். அதை நான் விடப்போவதில்லை.