யானைப் படக் கம்பெனி

அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். முதல் நாள் வந்து அழுகிற பிள்ளைகளுக்காகக் கரும்பலகையில், புத்தகப் பை மாட்டிய ஒரு குட்டி யானை வரைவாள். அழுகை நின்றுவிடும். சிலேட்டுக் கடையில் வேலை பார்த்த மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒருநாள் அதைப் பார்த்தார். "இத சிலேட்டுச் சட்டத்துல அச்சடிச்சா எவன் வாங்காம போவான்?" என்றார். அதுதான் ஆரம்பம்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். விவேக் நகர் வீட்டின் முன்னறை, ஒரு மேஜை, டைப் அடிக்க நான். நாங்கள் எந்தச் சாமானும் செய்து விற்கவில்லை. யானையைத் தங்கள் சரக்கில் போட்டுக்கொள்ள மற்றவர்களுக்கு அனுமதி கொடுத்தோம். அதற்கு வருடக் கட்டணம். ஐம்பதுகளில் ஊரில் டெலிவிஷனா இருந்தது? பிள்ளைகள் நாள் முழுக்கப் பார்த்த படம் சிலேட்டிலும் நோட்டு அட்டையிலும் பெப்பர்மின்ட் டப்பாவிலும்தான். அங்கெல்லாம் எங்கள் யானை ஏறிவிட்டது. வரைவது அக்கா, பெயர் வாங்குவது மாமா. ஆனாலும் பஸ்ஸில் ஏதாவது பிள்ளை கையில் யானை நோட்டைப் பார்த்தால் அக்கா முகம் மலர்ந்துவிடும். அப்போது மாமா மேல் எனக்கிருந்த எரிச்சல்கூடக் கொஞ்சம் குறையும்.

கெடுத்தவர் பகையாளி இல்லை. அக்கா மகளின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர். அவருக்குப் பீடி வியாபாரம். பீடிக் கட்டின் லேபிளில் யானையைப் போட ஆசைப்பட்டார். அக்கா கூடவே கூடாது என்றாள்.

"அவருக்கு எப்படிடி இல்லன்னு சொல்றது? ஞாயித்துக்கிழமை பூசையில அவர் மூஞ்சியில முழிக்க வேணாமா?" என்றார் மாமா.

எங்கள் ஆட்களில் பிள்ளையின் ஞானத்தகப்பன் கேட்டதைத் தட்டியவர் கிடையாது. அதற்காகப் புத்தகப் பையோடு நிற்கிற யானையைப் பீடி விற்க அனுப்புவதா? எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அக்கா வரைந்து கொடுத்தாள்.

லேபிள் வெளிவந்த மாதமே கன்னியர் மடத்துப் பள்ளியில் யானை நோட்டுக்குத் தடை. மற்றப் பள்ளிகளும் பின்னாலேயே தடை போட்டன. சிலேட்டு செய்கிற கன்னடக்காரர் வாசலில் நின்றபடியே, "பேடா சார், வேணாம். பீடி ஆனைன்னு கடைல தொட மாட்டேங்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கடைசியில் சிக்பேட்டையில் காலண்டர் அச்சிடும் ஒருவர் யானையை மலிவாக வாங்கிக்கொண்டார். இனி அக்கா அதை வரையக் கூடாது என்பது ஒப்பந்தம்.

"பிள்ளைங்களுக்கு போர்டுலகூடவா?" என்று அக்கா கேட்டாள்.

"எங்கயும் வேணாம்மா. அப்புறம் நான் எதுக்கு வாங்குறேன்?" என்றார் அவர்.

மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு பள்ளியில் அழுகிற பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஜூனில் அக்கா மகள் முதல் வகுப்புக்குப் போனாள். காக்கி அட்டை போட்ட நோட்டை நீட்டி, "யானை போடும்மா" என்றாள்.

"போடேன்க்கா, யார் பாக்கப் போறா?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல" என்றாள் அக்கா.

ஒரு பூனை வரைந்து தந்தாள். மகள் அதை உற்றுப் பார்த்தாள். "ஐ, காது யானைக் காதும்மா!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

அக்கா நோட்டைத் திரும்ப வாங்கி, ரப்பரால் இரண்டு காதையும் அழித்தாள்.