அப்பாவுக்கு வைத்த சாப்பாடு

இலேனியாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். டுரின் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவன் நான், அந்தக் காதுகளை எனக்கு நன்றாகத் தெரியும். இதைச் சொன்னபோது அவை வெளிறிப்போய் இருந்தன. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவள் இத்தாலியின் தெற்கே ஃபோஜா பக்கத்துச் சிற்றூர்க்காரி. இது நடந்தபோது வடக்கே டுரினுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரும் புதிது, அந்தப் பனிமூட்டமும் புதிது. கிரேட்டா என்ற இன்னொரு மாணவியோடு ஒரு கீழ்வீட்டில் குடியிருந்தாள். வீட்டுக்காரி சிஞ்ஞோரா ஒத்தாவியா மாடியில் தனியாக இருந்தாள்.

கீழ்வீட்டுக் குளியலறையில் வெந்நீருக்கு ஒரு கேஸ் பாய்லர் உண்டு. ஆதிகாலத்துச் சாமான். அது எரியும் நாளெல்லாம் இலேனியாவுக்கு மண்டை இடித்தது. ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லி இரண்டு தடவை மாடியேறிக் கேட்டாள்.

"தெற்கத்திப் பொண்ணுங்களுக்கு இங்க வந்தா எல்லாமே தலைவலிதான். வெயிலுக்கு ஏங்குற, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாள் கிழவி.

நவம்பர் முதல் தேதி வந்தது. அன்று இரவு செத்தவர்கள் தங்கள் வீடு தேடிச் சாப்பிட வருவார்கள். இலேனியா ஊர்ப் பக்கம் இதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. மேசையில் சாப்பாடு எடுத்துவைத்து, வாசல் கதவைத் தாழிடாமல் விட்டுவிடுவார்கள். அவளுடைய அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவோ அக்காவின் பிரசவத்துக்காக ஜெர்மனி போயிருந்தாள். ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. செத்த முதல் வருஷமே அப்பா பட்டினியாகத் திரும்பிப் போவாரே என்று நினைக்க நினைக்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

அதனால் டுரினிலேயே வைத்தாள். கிரேட்டா விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போயிருந்தது வசதியாகப் போயிற்று. வேகவைத்த கோதுமையில் திராட்சைப் பாகும் மாதுளை முத்துகளும் கலந்தாள். ரொட்டி நறுக்கி வைத்தாள். ஒரு கோப்பை ஒயின் ஊற்றினாள். வாசல் கதவைத் தாழிடாமல் விட்டாள். சாப்பிடும்போது அவர்களைப் பார்க்கக் கூடாது என்பதால் தன் அறைக்குள் போய் விளக்கை அணைத்துக்கொண்டாள். மாலை ஆறு மணிதான், ஆனால் வெளியே கும்மிருட்டு.

கோயில் மணி ஏழு அடித்தது.

க்ரீச்... நாற்காலியை யாரோ இழுத்தார்கள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா வந்துவிட்டார்.

கரண்டி கிண்ணத்தில் உரசியது. வேகமாக... வேகவேகமாக. அப்பா அப்படிச் சாப்பிட மாட்டாரே. வாய்க்கு வாய் ஒரு கதை சொல்கிறவர் அவர்.

பிறகு ஓர் இருமல். சின்ன வயசுக்காரனின் இருமல்.

"அப்பா...?"

கரண்டி நின்றது.

"உங்க அப்பா இல்ல. அவருக்கு இந்த வீடு தெரியாதே."

வடக்கத்திப் பேச்சு. இளம் குரல். மூச்சு போதாமல் இழுத்து இழுத்துப் பேசியது.

"இங்க செத்தவனுக்குத்தான் இந்த வழி தெரியும். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சாப்பிடக் கூப்பிடல. நீதான் கூப்பிட்ட."

அவள் போர்வையைக் கடித்துக்கொண்டாள்.

"பாய்லர மாத்தலையா அவ?"

"இல்ல..."

"மேல இருக்காளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெளியூர் போயிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை. கிழவியின் உயிர் அந்த வார்த்தையில்தான் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் மத்தியானம் குளித்ததன் வலி இன்னும் மண்டையில் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. சாத்திய கதவு கண்முன் வந்தது. ஆத்திரம் வந்தது. பயத்தைவிடப் பெரிதாக வந்தது.

"இருக்காங்க."

"நீ ஜன்னலத் திறந்து வெச்சுக்க."

நாற்காலி நகர்ந்தது.

மாடிப்படி. டக்... டக்... டக்...

மேலே கதவு திறந்தது.

சாத்திக்கொண்டது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒத்தாவியாவின் தங்கை மகன் வந்து கதவை உடைத்தான். அவள் உள்பக்கம் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே விழுந்து கிடந்தாள். முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. கேஸ் எரிந்த நச்சுப்புகையை மூச்சு முட்ட இழுத்தவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். கீழ்வீட்டுப் பாய்லரைச் சோதித்தார்கள். ஓட்டை இருந்தது. ஆனால் அன்று மத்தியானத்துக்குப் பிறகு அதை யாரும் பற்றவைக்கவில்லை.

இலேனியா அந்த வாரமே வீட்டைக் காலி செய்தாள். பெட்டியைத் தூக்கிவிட வந்த தங்கை மகன்தான் மிச்சத்தைச் சொன்னான். ஆறு வருஷத்துக்கு முன்பு எர்மானோ என்று ஒரு மாணவன் அந்தக் கீழ்வீட்டில் இருந்தானாம். பாய்லர் புகையில், தூக்கத்திலேயே செத்துப்போனானாம். புகைபோக்கியில் அவனே துணியை அடைத்துக்கொண்டான் என்று கிழவி விசாரணையில் சொன்னாளாம். வழக்கும் அதோடு முடிந்ததாம்.

சரி, மாடிவீட்டுக்குள் புகை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள் இலேனியா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பெரியம்மா வீட்ல கேஸே கிடையாது. அந்தப் பையனத் தூக்கிட்டுப் போன மறுவாரமே ஆள வரச்சொல்லி, குழாயெல்லாம் பிடுங்கிப் போடச் சொல்லிட்டாங்க. அவங்க வீட்ல மட்டும்."