ரேடியோவின் மெத்தை

அந்தத் தெருவில் அவளுக்கு ரேடியோ அம்மா என்றுதான் பெயர். ரேடியோ என்பது அவளுடைய மகள். மூன்று வயது முடிவதற்குள் அந்தக் குட்டி, தெருவில் போகிற வருகிற ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "மாமா, உங்க மீச ஒரு பக்கம் சாஞ்சிருக்கு" என்று மளிகைக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் அடுத்த ஆளைப் பிடித்துக்கொள்வாள். வாயை மூடச் சொன்னால், கையால் பொத்திக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பேசுவாள்.

அவளுடைய அப்பா, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் உலைக்காரர். பட்டறையில் முன்பு துணி துவைக்கும் அறை ஒன்று இருந்தது. வேலையாட்கள் அங்கேயே குளித்து, வேலைச்சட்டையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒருநாள் முதலாளி அந்த அறையைக் கிடங்காக்கினார். சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி உலைக்காரரின் மனைவியிடம் துவைக்க அனுப்பினார். வீட்டிலிருந்தபடியே ஒரு வேலை, முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தெரு பேசியது. பெரிய மனசுதான். தன் சுவருக்குள் கிடந்த விஷத்தை அடுத்தவன் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு நன்றியையும் வாங்கிக்கொள்ளச் சாதாரண மனசு போதாது.

ரேடியோ அம்மாவின் வேலையில் ஒரு சுத்தம் உண்டு. நனைப்பதற்கு முன் ஒவ்வொரு சட்டையையும் பிடித்து நாலு உதறு உதறுவாள். சாம்பல் நிறத் தூசி பறக்கும். உதறிவிட்டு நனைத்தால் தண்ணீர் சீக்கிரம் கறுக்காது. ஒரு வாளியில் இரண்டு மடங்கு துணி அலசலாம். முதலில் வாசலில் நின்றுதான் உதறினாள். பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள்.

"ஏம்மா, நான் வெள்ளத் துணி காயப் போட்டிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"தப்புதாங்க்கா, இனிமே உள்ளயே உதறிக்கிறேன்."

சொன்னபடியே செய்தாள். அடுத்தவர் துணி கெடக்கூடாது என்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அந்த ஒற்றை அறைக்குள் உதறினாள். உதறிய சட்டைகள் மூலையில் குவியும். அந்தக் குவியல்தான் ரேடியோவின் மெத்தை. மதியம் அதில் குப்புற விழுந்து, ஏதாவது ஒரு சட்டையின் காலரைச் சப்பிக்கொண்டே தூங்குவாள். தொந்தரவில்லாமல் தூங்குகிறாளே என்று அம்மா சத்தம் வராமல் வேலை செய்வாள்.

நான்கு வயதுக்குப் பிறகு ரேடியோவின் பேச்சு குறைந்தது. பாதி வாக்கியத்தில் நிற்பாள். அடுத்த சொல்லுக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்ப்பாள். சொல் வராது. கோபம் வரும். கையில் கிடைத்ததை எறிவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

"என்னடி, ரேடியோவுக்குப் பேட்டரி தீந்துபோச்சா?" என்று அப்பா சிரித்தார். பின்னாளில் அந்தச் சிரிப்பை நினைத்து அவர் பட்ட பாடு தனி.

நாத்தனார் வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "கண்ணு பட்டிருக்கு அண்ணி. இந்த வாய்க்குப் படாம இருக்குமா?" பள்ளிக்கூடத்து டீச்சர், அடம் என்றார்; வீட்டில் செல்லம் அதிகம் என்றார்; இனி அனுப்ப வேண்டாம் என்றார். எந்தக் கண் பட்டது, யாருடைய செல்லம் என்று ஆளுக்கொரு காரணம் தேடியவர்களில் ஒருவருக்கும் மூலையில் கிடந்த குவியல் கண்ணில் படவில்லை. காரணத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேடுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவிலிருந்த டாக்டரம்மாதான் முதல்முதலாகச் சரியான கேள்வியைக் கேட்டார். "வீட்டுல என்ன வேலை செய்றீங்க?" அவள் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்றே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த நாளில் அவளை உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. நிறைய இருக்கு."

"அது துணியிலதானே இருந்துச்சு?"

"துணியிலருந்து தூசி. தூசியிலருந்து கை, வாய். பெரியவங்க முழுங்கினா பெரும்பாலும் வெளிய போயிடும். குழந்தை உடம்பு அதுல பாதிய உள்ள இழுத்துக்கும்."

"அதுக்கும் பேச்சுக்கும் என்னங்கம்மா?"

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "மூளை, பொறக்கும்போதே முடிஞ்சு வர்ற சாமான் இல்ல. முதல் சில வருஷத்துல அதுக்குள்ள கோடிக்கணக்குல பாதை போட்டுக்கிட்டே இருக்கும். ஒரு மூளைச் செல்லுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல. குழந்தை பாக்குறது, கேக்குறது, பேசுறது எல்லாம் அதுல நடக்குற நடை. நடந்து நடந்து பழகின பாதை கெட்டிப்படும். நடக்காதது மூடிப்போகும். எது இருக்கணும், எது போகணும்னு சேதி சொல்றதுல சுண்ணாம்புச் சத்துக்குப் பெரிய வேலை. இந்த ஈயம் இருக்கே, சரியான திருட்டுப்பய. சுண்ணாம்புச் சத்து மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு உள்ள புகுந்துடும். சேதி தப்பாப் போகும். இருக்க வேண்டிய பாதையெல்லாம் நிக்காமப் போயிடும்."

"மூடினத மறுபடி தெறந்துவிட மருந்து இல்லையா?"

"ரத்தத்துல இருக்கறத மருந்து இறக்கும். மூளையில நடந்து முடிஞ்சத அது திருப்பாது."

ரேடியோ மேஜையில் இருந்த பேனாவைக் காட்டி, "அம்மா, அது... அது..." என்று நின்றாள். டாக்டரம்மா பேனாவை அவள் கையில் கொடுத்தார். "பேசிக்கிட்டே இருங்கம்மா. கதை சொல்லுங்க, பாடுங்க, பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. மிச்சம் இருக்கறது நடந்தாத்தான் நிக்கும். முதல்ல அந்தத் துணிய வீட்டுக்குள்ள விடாதீங்க."

அன்று மாலையே அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் போய் இறக்கினாள். வெளியே வந்த சூப்பர்வைசரிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள்.

"என்னம்மா, கை வலிக்குதா? வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போ. எதுக்கு ஈயம், மூளைன்னு பெரிய பெரிய வார்த்தையெல்லாம்? உம் புருஷன் தினமும் அதுலதான் நிக்கிறான். அவனுக்கு மூளை கெட்டுப்போச்சா?"

அவர் பின்னால் நின்ற கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போனால் வேறு உலை இல்லை. அவர் குனிந்ததில் அவளுக்குக் கோபமில்லை. அந்தத் தலைக்குள்ளும் என்ன மிச்சமோ என்றுதான் தோன்றியது. துவைக்கும் அறையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டாள். சூப்பர்வைசர் சிரித்தார்.

மூட்டை பட்டறைக்குள் போகவில்லை. அடுத்த வாரம் பின்தெருவில் இன்னொரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்காரிக்குக் கைக்குழந்தை இருப்பதாகக் கேள்விப்பட்டதும் ரேடியோ அம்மா பாதிச் சோற்றில் எழுந்தாள். தன் மகளுக்கு நடந்ததைத் தடுக்க முடியவில்லை, இதையாவது தடுக்கலாம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

கதவு சாத்தியிருந்தது. தட்டியதும், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு சின்னப்பெண் திறந்தாள். அவளுக்குப் பின்னால் தூசி இன்னும் அடங்கவில்லை.

"அந்தத் துணிய வீட்டுக்குள்ள உதறாதம்மா. அதுல விஷம் இருக்கு. அப்படியே தண்ணியில போட்டு நனைச்சுடு. குழந்தைய பக்கத்துலயே விடாத."

"யாரு, முன்னாடி தொவச்ச அக்காவா? வேணாம்னு நீங்கதானே எறக்கி வச்சீங்க? என் கைக்கு வந்ததும் வயிறு எரியுதாக்கும்."

"சத்தியமா இல்லம்மா. இதோ, எம் பொண்ணப் பாரு. ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச வராது. அந்தத் துணியாலதான். நீயே பேசச் சொல்லிப் பாரு."

சின்னப்பெண் குனிந்தாள். "உம் பேரு என்ன பாப்பா?"

ரேடியோ அவளைப் பார்க்கவே இல்லை. அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சட்டைக் குவியல். அதன்மேல் ஒரு குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பல மாதமாக வராத வெளிச்சம் ரேடியோவின் முகத்தில் வந்தது.

"அம்மா, நம்ம மெத்த! பாப்பா நம்ம மெத்தயில தூங்குது, பாரு!"

எங்கும் நிற்காமல், எதையும் தேடாமல், முழுசாக வந்தது. அவள் மண்டைக்குள் மூடிப்போன அத்தனை பாதைகளுக்கும் நடுவே அந்த மூலைக்குப் போகும் பாதை மட்டும் கெட்டியாக இருந்தது. தினமும் நடந்த பாதை.

சின்னப்பெண் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நல்லாயிருக்கு அக்கா! மணிமணியா பேசுறா. இவளுக்கா பேச்சு வரல?"

மகள் ஒரு வாக்கியம் பேச வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவள், இன்று ஒருநாள் இவள் திக்கி நின்றிருக்கக்கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததும் உடம்பு கூசியது. "ஆஸ்பத்திரிக்கு என்கூட ஒரு நட வாம்மா, டாக்டரம்மாவே சொல்லுவாங்க" என்றாள். "எனக்கு வேல கெடக்குக்கா" என்றாள் சின்னப்பெண்.

அதற்குள் ரேடியோ கையை உதறிக்கொண்டு ஓடி, குழந்தைக்குப் பக்கத்தில் குவியலில் விழுந்து, ஒரு காலரை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா பாய்ந்து அவளைத் தூக்கினாள். தூங்கும் குழந்தையின் பக்கமும் அவளுடைய இன்னொரு கை தானாக நீண்டது.

"எம் புள்ள மேல கைய வைக்காத!"

கை நின்றது. அலறும் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, உள்ளே சட்டையை உதறும் சத்தம். நாலு உதறு. அடுத்த சட்டை.