இடிக்குக் கொடுத்த குடுமி

தோட்டப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போகிறவன், மலாயாவின் சிம்பாங் பூலாய் முச்சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். தேத்தண்ணிக் கடை வாசலில் தேங்காய் பறிக்கும் குரங்கொன்றைக் கட்டியிருக்கிறார்கள். என் தலைப்பாகையை அதற்குச் சுற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறேன்.

காட்டில் பறித்த பெத்தாய்க்காய் விற்க மலையிலிருந்து இறங்கிவந்த செமாய்ப் பழங்குடிச் சிறுமி பாய்ந்து வந்து தலைப்பாகையைப் பிடுங்குகிறாள். பத்து வயதிருக்கும். எதிரே தெரியும் சுண்ணாம்புக் குன்றைக் காட்டி மலாயில் படபடவென்று பேசுகிறாள். கடைக்கார அக்கா தமிழில் சொல்கிறார்.

“ஒரு கம்பத்து ஆளுங்க குரங்குக்குத் துணி கட்டிச் சிரிச்சாங்களாம். இடி இறங்கி, வீடு வாசலோட கம்பமே கல்லாப் போச்சாம். அந்தக் குன்றுதான்லா அது.”

அக்கா சொல்லி முடிக்கவும் மலைப்பக்கம் இடி உருளவும் சரியாக இருக்கிறது. சிறுமி காய் அறுக்கும் கத்தியோடு என் முன்னால் நிற்கிறாள். சிரித்தவனின் முடியை எரித்தால்தான் இடி அடங்குமாம்.

ஊரில் அம்மா எண்ணெய் தேய்த்து வளர்த்த குடுமி. ஆனாலும் குனிகிறேன். நுனியை அறுத்து அடுப்பில் போடுகிறாள்.

“நான் கப்பல் இறங்கி ஒரு வாரந்தான் ஆச்சு. இந்த ஊர் இடிக்கு என்னை எப்படித் தெரியும்னு கேளுங்கக்கா.”

அக்கா கேட்கிறார். சிறுமி யோசிக்கவே இல்லை.

“இங்க நின்னு சிரிச்சா இங்கத்து ஆளுதானாம், தம்பி.”

முடி கருகும் வாடை மூக்கில் ஏறுகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குரங்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சிரிக்கிறேன்.